அடிமை வணிகக் காலத்துப் பொருள் ஒன்றை எப்படிப் பார்ப்பது, எப்படி விசாரிப்பது

அட்லாண்டிக் அடிமை வணிகம் என்றதும் கண்முன் முதலில் வருவது ஒரு கால்விலங்கு. துருப்பிடித்த இரும்பு, அதன்மேல் அருங்காட்சியக விளக்கு வெளிச்சம், பக்கத்தில் இரண்டு வரிக் குறிப்பு. பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த கண்ணாடிப் பெட்டிக்குப் போய்விடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள்: 1514-லிருந்து 1866 வரை சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர் ஆப்பிரிக்கக் கரைகளில் கப்பலேற்றப்பட்டார்கள், அவர்களில் சுமார் 1 கோடியே 7 லட்சம் பேர்தான் உயிரோடு மறுகரையில் இறங்கினார்கள். மூன்றரை நூற்றாண்டு நடந்த இவ்வளவு பெரிய வியாபாரம் வெறும் விலங்குகளை மட்டுமா விட்டுச் சென்றிருக்கும்? பாசிமணி, சோழி, நீலத் துணி, பித்தளைக் காப்பு, சர்க்கரைக் கிண்ணம், கணக்குப் புத்தகம், கப்பல் மணி, மேளம், ஒரு பழைய பருத்திப் பை என்று எவ்வளவோ இருக்கின்றன. அவற்றில் ஒன்று அருங்காட்சியகத்திலோ இணைய ஏலத்திலோ குடும்பத்துப் பழைய பெட்டியின் அடியிலோ உங்கள் முன்னால் வந்தால் என்ன செய்யலாம், எதை முதலில் கேட்கலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருளைப் பார்த்து முடிக்கும்போது, அதன் மறுமுனையில் இருந்த மனிதரைப் பற்றி ஏதாவது ஒன்றாவது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெயர் தெரிந்தால் மிக நல்லது. இல்லாவிட்டால் வயது, பிறந்த பகுதி, செய்த வேலை, கணுக்காலின் அளவு, எதுவாக இருந்தாலும் சரி. கீழே சொல்லும் எல்லாமே அங்கே போய்ச் சேரத்தான்.

முதலில் கதையை ஓரமாக வையுங்கள்

இந்தப் பொருள்கள் எல்லாமே ஒரு கதையோடுதான் வரும். "இது ஒரு தோட்டத்து வீட்டின் நிலவறையில் கிடைத்தது", "இது கானாவிலிருந்து என் தாத்தா கொண்டுவந்தது" என்பது மாதிரி. கதை பொய் என்று சொல்லவில்லை, ஆனால் கதையைக் கேட்டுவிட்டால் கண் அதற்கேற்றபடிதான் பார்க்கும். அதனால் கதையை ஒரு தாளில் எழுதி, யார் சொன்னார், என்றைக்குச் சொன்னார் என்று குறித்து மடித்து வைத்துவிடுங்கள். பிறகு பொருளை மட்டும் பாருங்கள். எதால் ஆனது, எப்படிச் செய்யப்பட்டது, எங்கே தேய்ந்திருக்கிறது.

இது ஏன் முக்கியம் என்பதற்கு பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ஒரு மேளத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வர்ஜீனியாவில் கிடைத்து, ஹான்ஸ் ஸ்லோன் என்ற லண்டன் மருத்துவரின் சேகரிப்புக்கு வந்து சேர்ந்தது. அவருடைய பட்டியலில் அதை 'இந்திய' மேளம், அதாவது அமெரிக்கப் பழங்குடியினரின் மேளம் என்று எழுதிவைத்தார்கள். வர்ஜீனியாவில் கிடைத்ததால் அந்த மண்ணின் மக்களுடையதாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு, அவ்வளவுதான். பிற்காலத்தில் மரத்தை ஆராய்ந்து பார்த்தபோது அது ஆப்பிரிக்காவில் வளரும் கோர்டியா மரம் என்று தெரிந்தது. தோலை இழுத்துக் கட்டும் முளைகளும் மேற்கு ஆப்பிரிக்க மரம். வடிவம் இன்றைய கானாவில் வாழும் அகான் மக்களின் மேளம். மேலே போர்த்தியிருக்கும் தோல் மட்டும் வட அமெரிக்க மானின் தோல். இப்போது இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஆப்பிரிக்காவில் குடைந்து செய்த மேளம் ஒரு கப்பலில் கடலைத் தாண்டியிருக்கிறது, வந்த இடத்தில் கிடைத்த தோலை ஒருவர் இழுத்துக் கட்டியிருக்கிறார், அது மறுபடி பேசியிருக்கிறது. அடிமைக் கப்பல்களில் பிடித்துவரப்பட்டவர்களின் உடம்பு கெட்டு 'சரக்கு' நஷ்டமாகிவிடக் கூடாது என்பதற்காக அவர்களை மேல்தளத்துக்குக் கொண்டுவந்து கட்டாயப்படுத்தி ஆடவைப்பார்கள், அதற்கு மேளம் அடிக்கப்படும். பட்டியலில் இருந்த ஒரு சொல் இத்தனையையும் மறைத்து வைத்திருந்தது. மரமும் தோலும்தான் காட்டிக்கொடுத்தன.

இரும்பைப் பார்ப்பது

கால்விலங்கு, கைவிலங்கு என்று வருபவற்றில்தான் போலி மிக அதிகம், அதனால் இதில் கொஞ்சம் நிதானம் தேவை. அந்தக் காலத்து விலங்கு கொல்லன் உலையில் காய்ச்சி அடித்தது. கம்பியின் கனம் ஓர் இடத்தில் இருப்பது மாதிரி இன்னோர் இடத்தில் இருக்காது, சுத்தியல் பட்ட தட்டைகள் தெரியும், வளைத்து ஒட்டிய இடத்தில் ஒரு மெல்லிய மடிப்பு ஓடும். இன்று நினைவுப் பொருளாக விற்பதற்காகச் செய்பவை பெரும்பாலும் வார்ப்பிரும்பு. இரண்டு பக்கமும் ஒரே அச்சாக இருக்கும், அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு விளிம்பில் தெரியும், மேற்பரப்பு முழுக்க ஒரே மாதிரி சொரசொரப்பாக இருக்கும், துருவும் எல்லா இடத்திலும் ஒரே நிறத்தில் பூசியது போல இருக்கும். உண்மையான தேய்மானம் அப்படி வராது, உரசுகிற இடத்தில்தான் வரும்.

கப்பல்களில் அதிகம் பயன்பட்ட வகைக்குப் பில்போ என்று பெயர். ஒரு நேரான இரும்புக் கம்பி, அதன் ஒரு முனையில் குமிழ், மறுமுனையில் பூட்டு மாட்ட ஒரு துளை, கம்பியில் நகரும்படி இரண்டு வளையங்கள். பெரும்பாலும் ஒருவருடைய வலது கணுக்காலும் இன்னொருவருடைய இடது கணுக்காலும் ஒரே கம்பியில் மாட்டப்படும். அதாவது இது இரண்டு பேருக்கான பொருள். ஒருவர் புரண்டால் மற்றவருக்கு வலிக்கும், ஒருவர் கழிப்பதற்கு எழ வேண்டுமானால் மற்றவரும் எழுந்தாக வேண்டும், ஒருவர் இறந்துவிட்டால் யாராவது வந்து கழற்றும்வரை மற்றவர் அப்படியே கிடக்க வேண்டும். இதை ஒற்றை விலங்காக நினைத்துப் பார்ப்பதற்கும் இப்படிப் பார்ப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்.

வளையத்தின் உள்ளளவை எடுங்கள். அருங்காட்சியகத்தில் இருந்தால் குறிப்பில் அளவு போட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை. ஹென்ரியெட்டா மேரி என்ற ஆங்கிலக் கப்பல் 1700-இல் ஜமைக்காவில் 190 பேரளவில் விற்றுவிட்டுத் திரும்பும் வழியில் ஃபுளோரிடாவின் கீ வெஸ்டுக்கு மேற்கே மூழ்கியது. 1972-இல் புதையல் தேடிப் போனவர்கள் தற்செயலாக அதைக் கண்டார்கள். 1983-இல் கிடைத்த வெண்கல மணியின் மேல் படிந்திருந்த சுண்ணாம்புப் பாறையைத் தட்டி எடுத்தபோது கப்பலின் பெயரும் 1699 என்ற ஆண்டும் வெளியே வந்தன. அந்தக் கப்பலிலிருந்து எண்பதுக்கும் மேற்பட்ட விலங்குகள் கிடைத்தன. அவற்றில் சில, பெரியவர்களின் காலுக்குப் பொருந்தாத அளவுக்குச் சின்னவை. குழந்தைகள் கப்பலில் இருந்தார்கள் என்பதற்கு ஆவணங்கள் இருக்கின்றன என்பது வேறு, ஒரு வளையத்தின் அளவிலிருந்து அதைப் புரிந்துகொள்வது வேறு.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பில்போ என்பது அடிமைக் கப்பலுக்கு மட்டும் உரியது இல்லை. கடற்படைக் கப்பல்களில் மாலுமிகளைத் தண்டிக்கவும், சிறைகளிலும் இதையே பயன்படுத்தினார்கள். அதனால் உண்மையிலேயே பழைய, உண்மையிலேயே கொல்லன் அடித்த விலங்காக இருந்தாலும் அது அடிமை வணிகத்தோடு தொடர்புடையது என்று சொல்ல, எங்கே கிடைத்தது என்ற தகவல் வேண்டும். அந்தத் தகவல் இல்லாத விலங்கை 'பழைய விலங்கு' என்று மட்டும்தான் சொல்ல முடியும். விற்பவர் அதற்கு மேல் சொன்னால் சான்று கேளுங்கள்.

இதே இடத்தில் செப்புப் பட்டைகளையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போலிகளில் இவை இரண்டாவது பெரிய கூட்டம். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்தில், அடிமைப்படுத்தப்பட்ட ஒருவரை வேறு இடத்தில் கூலி வேலைக்கு அனுப்ப விரும்பும் உரிமையாளர் நகராட்சியில் வருடாவருடம் கட்டணம் கட்டிச் செப்புப் பட்டை ஒன்று வாங்க வேண்டும், வேலை செய்பவர் அதை அணிந்திருக்க வேண்டும். நகரத்தின் பெயர், வேலையின் வகை, ஓர் எண், ஆண்டு, இவ்வளவுதான் அதில் இருக்கும். வேலையாள், சுமைதூக்கி, கைவினைஞர், மீனவர், பழம் விற்பவர் என்று வகைகள் உண்டு. 1800 முதல் 1860-கள் வரையிலான இந்தப் பட்டைகளில் 'அடிமை' என்ற சொல்லே கிடையாது. இணையத்தில் அந்தச் சொல்லைப் பெரிதாகப் பொறித்து, ஒரு தோட்டத்தின் பெயரையும் சேர்த்து ஒரு பட்டை விற்பனைக்கு வந்தால் அதைத் தாண்டிப் போய்விடலாம். உண்மையான பட்டையில் இருக்கும் கொடுமை அந்தச் சொல்லில் இல்லை, எண்ணில் இருக்கிறது. ஒரு மனிதர் அந்த வருடத்துக்கு ஓர் எண். அடுத்த வருடம் வேறு எண்.

சாதாரணப் பொருள்களிடம் அதிக நேரம் நில்லுங்கள்

என்னைக் கேட்டால் விலங்கைவிட அதிகம் பேசுபவை வியாபாரச் சரக்குகள்தான். மனிதர்களைக் கட்டிவைத்த பொருள் விலங்கு, மனிதர்களுக்கு விலையாகக் கொடுத்த பொருள்கள் இவை. கப்பல்கள் ஆப்பிரிக்காவுக்குப் போகும்போது ஏற்றிச் சென்றது துணி, துப்பாக்கி, வெடிமருந்து, சாராயம், இரும்புப் பாளம், பித்தளை, கண்ணாடிப் பாசி, சோழி. இவற்றை உலகம் முழுக்க எத்தனையோ கைகள் செய்தன. இரும்புப் பாளம் ஸ்வீடனில் உருக்கியது, பாசி வெனிஸில் இழுத்தது, பித்தளை பிரிஸ்டலிலும் பர்மிங்காமிலும் வார்த்தது, செனகல் கரையில் பணம் மாதிரியே செல்லுபடியான நீலத் துணி புதுச்சேரியிலிருந்து போனது.

சோழியை எடுத்துக்கொள்வோம், கையில் வைத்துப் பார்க்கக்கூடிய பொருள். மேற்கு ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் அது பணம், ஆனால் அந்தக் கடலில் அது விளையாது. மாலத்தீவில் எடுத்தது வங்கத்துக்கும் இலங்கைக்கும் வந்து, அங்கிருந்து ஐரோப்பியக் கப்பல்களின் அடித்தளத்தில் பாரமாகக் கிடந்து லண்டனுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் போய், அங்கே ஏலம் விடப்பட்டு, மறுபடி கப்பலேறிக் கினி கரைக்குப் போனது. 18-ஆம் நூற்றாண்டில் மட்டும் இப்படிப் போனவை பல நூறு கோடிச் சோழிகள். இப்போது ஒரு சோழியைத் திருப்பிப் பாருங்கள். முதுகு லேசான மஞ்சள், ஓரங்களில் முண்டும் முடிச்சுமாக இருந்தால் அது மாலத்தீவு வகை, அடிமை வணிகம் உச்சத்தில் இருந்த காலம் முழுக்கப் புழங்கியது. முதுகு வழவழப்பாக இருந்து அதன்மேல் மோதிரம் போல ஒரு மெல்லிய ஆரஞ்சுக் கோடு சுற்றி ஓடினால் அது பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து வந்த இன்னொரு வகை, 1840-களுக்குப் பிறகுதான், பனை எண்ணெய் வியாபாரம் தலையெடுத்த காலத்தில் ஜெர்மன் வணிகர்கள் அதை மேற்குக் கரையில் கொண்டுவந்து கொட்டினார்கள். முதுகில் ஓட்டை போட்டிருக்கிறதா, முதுகையே உடைத்து எடுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். கயிற்றில் கோத்து எண்ணுவதற்காக அப்படிச் செய்வார்கள். ஒரு சோழிக்குள் இவ்வளவு காலமும் தூரமும் இருக்கிறது.

சோழி பணம் மட்டுமாகவும் இருக்கவில்லை. நியூயார்க்கின் கீழ் மன்ஹாட்டனில் 1991-இல் ஓர் அரசுக் கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டும்போது பழைய ஆப்பிரிக்க இடுகாடு வெளிப்பட்டது. 419 பேருடைய எலும்புகள் எடுக்கப்பட்டு, ஆராயப்பட்டு, 2003-இல் மறுபடி அதே இடத்தில் மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டன. அதில் ஒரு பெண்ணின் இடுப்பைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட பாசிமணிகளும் சோழிகளும் இருந்தன, பற்கள் ஆப்பிரிக்க வழக்கப்படி அரம் வைத்துச் சீவப்பட்டிருந்தன. எந்தச் சரக்கைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்களோ, அதே பாசியையும் சோழியையும் அணிவித்தே அவரைச் சேர்ந்தவர்கள் அவரைப் புதைத்திருக்கிறார்கள். அதனால் ஒரு பாசிமணியைப் பார்த்ததும் "விலை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

பாசிமணி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: கடைகளில் 'அடிமைப் பாசி' என்று பெயர் போட்டு விற்பதில் பெரும்பகுதி அந்தக் காலத்தது இல்லை. பல நிறப் பூப்பூவாக இருக்கும் மில்லெஃபியோரி மணிகள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வந்தவை. அழகுக்கு வாங்குங்கள், அந்தப் பெயருக்காக அதிகம் கொடுக்காதீர்கள்.

மனிலா என்று அழைக்கப்படும் பித்தளை, செம்புக் காப்புகளுக்கும் இதே நிதானம் தேவை. குதிரை லாடம் போல வளைந்து, இரண்டு முனையும் லேசாக அகன்றிருக்கும். போர்த்துகீசியர் காலத்திலேயே மனிதர்களுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது உண்மை. ஆனால் நைஜீரியாவின் சில பகுதிகளில் இது 1940-களின் இறுதிவரை சந்தைப் பணமாகவே புழங்கி, அதற்கப்புறம்தான் ஆங்கிலேய அரசு திரும்பப் பெற்றது. கையில் இருப்பது எந்தக் காலத்தது என்று வடிவத்தையும் எடையையும் உலோகக் கலவையையும் வைத்துத்தான் சொல்ல முடியும். 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரசின் உலோகச் சிற்பங்கள் பலவற்றுக்கு உலோகம் கொடுத்தது ஜெர்மனியின் ரைன்லாந்து பகுதித் தாதுவிலிருந்து செய்த மனிலாக்கள் என்று காட்டியது. வந்த உலோகத்தை உருக்கிப் பெனின் கலைஞர்கள் உலகின் தலைசிறந்த சிற்பங்களைச் செய்திருக்கிறார்கள்.

அடிமை வணிகத்தை எதிர்த்தவர்கள் செய்த பொருள்கள்

இந்த வகையில் மூன்று பொருள்கள் அடிக்கடி எதிர்ப்படும். 1787-இல் வெட்ஜ்வுட் மண்பாண்டத் தொழிற்சாலை செய்த, மண்டியிட்டுக் கைகூப்பும் ஆப்பிரிக்கர் பொறித்த பதக்கம். புரூக்ஸ் என்ற லிவர்பூல் கப்பலுக்குள் மனித உருவங்கள் அடுக்கப்பட்டிருக்கும் 1788-89 காலத்துப் படம். 1820-களில் வந்த, "அடிமைகள் விளைவிக்காத கிழக்கிந்தியச் சர்க்கரை" என்று எழுதிய சர்க்கரைக் கிண்ணம். மூன்றுமே மக்களை அசைத்தவை, அந்தப் பெருமையைக் குறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் பார்க்கும்போது யார் கையால், யாருடைய கண்ணுக்காகச் செய்தது என்று கேளுங்கள். பதக்கத்தில் இருப்பவர் மண்டியிட்டிருக்கிறார். அந்த நூற்றாண்டு முழுக்கக் கப்பல்களில் கலகம் செய்தவர்கள், ஜமைக்காவின் மலைகளில் தப்பியோடித் தங்கள் ஊர்களை அமைத்து ஆங்கிலேயப் படையோடு போரிட்டு ஒப்பந்தம் வாங்கியவர்கள் யாரும் அந்தப் பதக்கத்தில் இல்லை. புரூக்ஸ் படத்தில் யாருக்கும் முகமில்லை. அது அப்போது வந்த புதிய சட்டம் அனுமதித்த 454 பேர் என்ற அளவை ஒட்டி வரைந்தது, அதே கப்பல் அதற்கு முன்பு ஒரே பயணத்தில் 609 பேரைக் கொண்டுபோயிருக்கிறது. படத்தில் பார்க்கும் நெருக்கடியே தாங்கவில்லை என்றால், உண்மை அதற்கும் மேலே.

அடிமை வணிகத்தை எதிர்த்துப் பிரச்சாரம் செய்த தாமஸ் கிளார்க்சன் என்பவரின் மரப்பெட்டி ஒன்று இங்கிலாந்தின் விஸ்பெக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இதை நான் மூன்றுக்கும் மேலாக வைப்பேன். அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசும்போது ஆப்பிரிக்காவின் நெசவுத் துணி, தந்தம், மிளகு, மரத்துண்டுகள், சாயப் பொருள்கள் என்று எடுத்துக் காட்டுவார், மனிதர்களை வாங்காமலே அந்தக் கரையோடு வியாபாரம் செய்யலாம் என்று நிரூபிக்க. அதே ஆள் 1787-இல் லிவர்பூலில் ஒரு கடையின் ஜன்னலில் கைவிலங்கு, கால்விலங்கு, கட்டைவிரலை நசுக்கும் திருகு, சாப்பிட மறுப்பவர்களின் வாயைப் பிளக்கும் கருவி எல்லாம் விற்பனைக்கு வைத்திருப்பதைப் பார்த்து வாங்கிவந்தார். கடை ஜன்னலில், மற்ற சாமான்களைப் போல. கடைசிக் கருவி உண்மையில் தாடை இறுகிப்போன நோயாளிகளுக்காக மருத்துவர்கள் வைத்திருந்தது.

வாங்கலாமா, வைத்திருக்கலாமா

வாங்காதீர்கள் என்பதுதான் என் கருத்து, விலங்கு விஷயத்தில் கட்டாயமாக. பணம் கொடுக்கக் கொடுக்கப் போலி செய்பவர்கள் பெருகுவார்கள், உண்மையானவை இருந்த இடத்திலிருந்து பெயர்க்கப்படும். ஏற்கெனவே குடும்பத்தில் இருந்தால் அது வேறு விஷயம், அதைப் பத்திரமாகப் பாருங்கள். துருவைத் தேய்க்காதீர்கள், செம்பின் களிம்பைப் புளியோ எலுமிச்சையோ போட்டுத் துலக்கிவிடாதீர்கள். கையில் தேய்ந்த வழவழப்பு, மடிப்பில் ஒட்டியிருக்கும் மண், எல்லாமே சாட்சி, ஒரு நிமிடத்தில் போய்விடும். உலர்ந்த இடத்தில், அமிலமில்லாத தாளில் சுற்றி, அளவுகோல் பக்கத்தில் வைத்து எல்லாப் பக்கமும் புகைப்படம் எடுத்து வையுங்கள்.

கடலடியில் கண்டால் தொடவே கூடாது. உப்பு ஊறிய இரும்பு வெளியே வந்து காய்ந்ததும் வெடித்துச் செதில் செதிலாகக் கொட்டிவிடும், மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் நீரில் வைத்து உப்பை வெளியேற்ற வேண்டும். அதற்கு மேலே, அது பலருக்குக் கல்லறை. சாவோ ஜோசே என்ற போர்த்துகீசியக் கப்பல் மொசாம்பிக்கிலிருந்து பிரேசிலின் மரன்யாவோவுக்குப் போகும் வழியில் 1794 டிசம்பர் 27-இல் கேப் டவுன் அருகே பாறையில் மோதி உடைந்தது, கப்பலில் இருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மூழ்கினார்கள், தப்பியவர்களை அங்கேயே விற்றார்கள். அந்த இடம் இந்தக் கப்பலுடையதுதான் என்று உறுதிப்படுத்த உதவியவற்றில் ஒன்று கனத்த இரும்புக் கட்டிகள். லிஸ்பனிலிருந்து புறப்பட்டபோது 1,400-க்கும் மேற்பட்ட கட்டிகள் ஏற்றியதாகப் பதிவு இருக்கிறது. மனித உடல்கள் மற்ற சரக்கைவிட எடை குறைவு, கப்பல் சாயாமல் இருக்க இரும்பு வேண்டும், அதற்காக. 2015-இல் மூழ்கிய இடத்துக்கு மேலே மொசாம்பிக் தீவின் மண்ணைக் கொண்டுவந்து தூவினார்கள்.

கைமாறிய வழி

இப்போது மடித்து வைத்த தாளை எடுங்கள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் பக்கத்தில் என்ன சான்று இருக்கிறது என்று எழுதுங்கள். கடிதம், ரசீது, பழைய புகைப்படம், யாரோ சொன்னது. இடையில் விட்டுப்போன இடங்களை வெற்றிடமாகவே விடுங்கள், ஊகத்தால் நிரப்பாதீர்கள்.

சில பொருள்கள் இந்தக் கோட்டைத் தாமே சுமந்து வரும். டென்னசியில் 2007-இல் ஒரு பழைய சாமான் சந்தையில் கிடைத்த பருத்தி மூட்டைப் பை அப்படிப்பட்டது. கிழிந்து ஒட்டுப் போட்ட பை, அதன்மேல் நிற நூலில் சில வரிகள் தைத்திருக்கிறது. ரோஸ் என்ற தாய், தென் கரோலினாவில் ஒன்பது வயதில் விற்கப்பட்ட தன் மகள் ஆஷ்லிக்கு இந்தப் பையைக் கொடுத்தாள், உள்ளே கிழிந்த ஓர் உடுப்பு, மூன்று கைப்பிடி பீக்கன் கொட்டை, தாயின் தலைமுடியில் ஒரு பின்னல், கூடவே என் அன்பு எப்போதும் இதில் நிறைந்திருக்கும் என்ற சொல். அதற்குப் பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை. ஆஷ்லி என் பாட்டி என்று எழுதி, ரூத் மிடில்டன், 1921 என்று முடித்திருக்கிறார். இது நடந்தது கடல்கடந்த வணிகம் அமெரிக்காவில் தடைசெய்யப்பட்ட பிறகு உள்நாட்டிலேயே விற்று வாங்கிய காலத்தில். வரலாற்றாசிரியர்கள் அந்தத் தையலை மட்டும் நம்பி நிற்கவில்லை, சார்ல்ஸ்டன் பக்கத்துச் சொத்துப் பட்டியல்களில் ரோஸ், ஆஷ்லி என்ற இரண்டு பெயர்களையும் தேடிப் போனார்கள். ஆஷ்லி என்பது அந்தக் காலத்தில் பெண்களுக்கு அரிதான பெயர், அதுவே பிடிமானமாக இருந்தது. நாமும் அப்படித்தான் செய்ய வேண்டும். பொருள் சொல்வதைக் கேட்டு, அதைத் தாளில் தேட வேண்டும்.

பெயரைத் தேடுவது

கப்பலின் பெயரோ மாலுமித் தலைவரின் பெயரோ கிடைத்தால் 'ஸ்லேவ் வாயேஜஸ்' என்ற இலவச இணையத் தரவுத்தளத்தில் போடுங்கள், 36,000 பயணங்களின் பதிவுகள் இருக்கின்றன. எங்கே ஏற்றினார்கள், எங்கே இறக்கினார்கள், எத்தனை பேர் ஏறி எத்தனை பேர் இறங்கினார்கள் என்று வரும். இரண்டு எண்களுக்கும் இடையிலான கழித்தலை நீங்களே செய்து பாருங்கள். கரீபியன் தோட்டம் ஒன்றோடு தொடர்பு இருந்தால் ஆங்கிலேய அரசு 1813 முதல் 1834 வரை எடுத்த பதிவேடுகள் லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் உண்டு. பெயர், வயது, ஆப்பிரிக்காவில் பிறந்தவரா தீவில் பிறந்தவரா என்று எழுதியிருக்கும். விடுதலைக்குப் பிறகு உரிமையாளர்களுக்குக் கொடுத்த 2 கோடி பவுண்டு நஷ்டஈட்டில் யாருக்கு எவ்வளவு போனது என்பதை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் தரவுத்தளத்தில் தேடலாம். விடுதலையானவர்களுக்கு ஒரு காசு கிடையாது.

அமெரிக்கா என்றால் ஒரு சுவர் குறுக்கே நிற்கும். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைப்படுத்தப்பட்டவர்களுக்கு வயது, பால், நிறம்தான் உண்டு, பெயர் கிடையாது. 1870-இல்தான் அவர்களில் பெரும்பாலோர் முதன்முறையாகப் பெயரோடு வருகிறார்கள். அதனால்தான் வீட்டுப் பெட்டியில் ஒரு பழைய தோட்டக் கணக்குப் புத்தகம், உயில், விற்பனை ரசீது கிடைத்தால் அது நூறு விலங்குகளுக்குச் சமம் என்று சொல்கிறேன். யாரோ ஒருவர் தன் கொள்ளுப்பாட்டியின் பாட்டியைத் தேடிக்கொண்டிருப்பார், அந்தப் பெயர் உங்கள் பெட்டியில் இருக்கும். ஸ்கேன் செய்து, ஒரு நூலகத்துக்கோ காப்பகத்துக்கோ நகலைக் கொடுங்கள். அசலையே கொடுத்தால் இன்னும் நல்லது.

படியெடுக்கும்போது எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள். கணக்கு எழுதியவர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியிருப்பார், அதற்குள்தான் உண்மைப் பெயர் ஒளிந்திருக்கும். 'கஃபி' என்று இருந்தால் அது கோஃபி, அகான் மக்களிடம் வெள்ளிக்கிழமை பிறந்த பையன். 'கஜோ' என்றால் கோஜோ, திங்கட்கிழமை. 'குவாஷி' என்றால் குவாசி, ஞாயிறு. 'ஃபிபா' என்றால் எஃபுவா, வெள்ளிக்கிழமை பிறந்த பெண். இந்தப் பெயர்கள் தீவுகளில் பிறந்த பிள்ளைகளுக்கும் வைக்கப்பட்டன, எனவே பெயரை வைத்து மட்டும் பிறந்த இடத்தைச் சொல்லிவிட முடியாது, பக்கத்துக் கட்டங்களையும் பாருங்கள். குறிப்பு எழுதும்போது 'அடிமை' என்று எழுதுவதற்குப் பதில் 'அடிமைப்படுத்தப்பட்டவர்' என்றே எழுதுங்கள். புத்தகத்தில் மாட்டுக்கும் கருவிகளுக்கும் நடுவில், ஒரு விலைக்கு எதிரில், அவர் பெயர் ஒரே வரியாக இருக்கும். அந்த வரியை அப்படியே, எழுத்து மாறாமல், முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அதன் கீழே, வெள்ளிக்கிழமை பிறந்தவர் என்று எழுதுங்கள்.